பட்டா தாத்தா பேரில் கிடந்தால் நிவாரணம் யாருக்கு வரும்?

அன்புள்ள கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்க்காரர்களுக்கு,

மழை வலுத்தாலே "ஊருக்கு எவ்வளவு அனுப்ப?" என்று மடல்கள் வருகின்றன. அனுப்புவோம். அதற்கு முன்னால் அவரவர் விளையின் (தோட்ட நிலத்தின்) பட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் விளையில் சித்தப்பா வைத்திருந்த ஏத்தன் வாழை 400 மூடும் (மரமும்) ஒரே காலையில் சாய்ந்தன. குலை தள்ளி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சில நாளில் கிராம நிர்வாக அலுவலர் வந்து மூடு மூடாக எண்ணினார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பட்டா தாத்தா பேரில். தாத்தா இறந்து இருபது வருஷம். வாரிசு ஏழு பேர், நாலு நாட்டில். எல்லார் கையெழுத்தும் சேருவதற்குள் நிவாரணப் பட்டியல் மேலே போய்விட்டது. நான் பணம் அனுப்பினேன். சித்தப்பா வாங்கவில்லை. "எனக்கு வரவேண்டியது வந்தா போதும் மக்களே" என்றார். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

வருவாய்த் துறையைச் சான்றிதழ் தரும் இடமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர்தான் தலைவர். பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் நிவாரணம். மாநிலப் பேரிடர் நிதியில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு. டெல்லி வரை போகும் அந்தக் கணக்கு தொடங்குவதோ நம் கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலில்தான்: எந்த சர்வே எண், யார் பேர், என்ன பயிர்.

கடற்கரையில் இதைவிடக் கொடுமை. கடலுக்குப் போய்த் திரும்பாதவரை இறந்தவராகக் கொள்ள, சாதாரணச் சட்டப்படி ஏழு வருஷம் ஆகும். ஒக்கியில் கடலுக்குப் போனவர்களை இழந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

நம் மாவட்டத்துக்குத் தனிச் சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் பழைய பிரமாணங்கள் (நிலப் பத்திரங்கள்) பல மலையாளத்தில் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

இணையத்தில் பட்டா பார்க்கும்போது வட்டத்தைக் கவனியுங்கள், முன்பு விளவங்கோட்டில் இருந்த சில கிராமங்கள் இப்போது கிள்ளியூர் வட்டம். தாத்தா பேரிலேயே இருந்தால் முதலில் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், பிறகு பட்டா மாற்றம். பங்கு பிரிக்காவிட்டால் கூட்டுப் பட்டாவாவது வாங்கிவிடுங்கள்.

எங்கள் ஏழு பேரும் போன மாதம் கையெழுத்துப் போட்டு முடித்தோம். மலையாளப் பிரமாணம் கையில் இருப்பவர்கள் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஊரில் மாமா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வாசித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.