‘லூட்டன் பஸ்’ - தமிழ்ல என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள்ள வேணும்)

ம.செ. எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். எங்க காலேஜ் ஃபிலிம் கிளப்ல ‘கேட் பீப்பிள்’ போடறோம், 1942ல ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ எடுத்த பேய்ப்படம், தமிழ்க் கையேடு நான் எழுதறேன், வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். ராத்திரி ஆலிஸ் பார்க் ஓரமா தனியா நடக்கறா, பின்னாடியே, தான் சிறுத்தையா மாறிடுவோம்னு பயப்படற ஐரீனாவோட ஹீல்ஸ் சத்தம், மியூசிக் கிடையாது. திடீர்னு அந்தச் சத்தம் நின்னுடுது. ஆலிஸ் பயந்து ஓடறா, ‘ஸ்ஸ்ஸ்’னு சிறுத்தை சீறற மாதிரி ஒண்ணு, பார்த்தா பஸ் பிரேக்! தயாரிப்பாளர் வால் லூட்டன் பேர்லயே இந்த உத்திக்கு ‘லூட்டன் பஸ்’னு பேராயிடுச்சு. இதுக்கும் ஜம்ப் ஸ்கேருக்கும் (திடீர்னு ஒண்ணு வந்து நம்மளைப் பதற வைக்கறது) சொல் வேணும்.

இரா.ந. எழுதியது:
தொல்காப்பியத்துலயே இருக்கேம்மா. ‘பேநாம் உரும்என வரூஉம் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள’. உரும்னா அச்சம், இடியும்தான், அதனால திடீர்னு விழற அச்சத்துக்கு ‘உருமச்சம்’. அதே நூல்ல மெய்ப்பாட்டியல்ங்கற பகுதியில அச்சம் பிறக்கற இடம் நாலு: அணங்கு (வருத்தற தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). ஐரீனா அணங்கா விலங்கா? படம் முழுக்க அந்தச் சந்தேகத்துலதானே ஓடுது!

கு.ஜா. எழுதியது:
ஐயா, எங்க பக்கம் உருமம்னா உச்சிவெயில். உச்சி உருமத்துல புளியமரத்துப் பக்கம் போகாதேன்னு பாட்டி சொல்லும், பேய்க்குப் பொருத்தம்தான், ஆனா பசங்களுக்குப் புரியாது. ஊர்ல எல்லாரும் சொல்றது ‘தூக்கிவாரிப் போட்டுச்சு’. ‘தூக்கிவாரி’ன்னே வைங்க, உடம்பு குலுங்கறது அதுலயே இருக்கு.

பு.அ. எழுதியது:
பாதி வினையை வெட்டிக் கலைச்சொல்லாக்கக் கூடாது. ‘துணுக்குறல்’ நல்ல சொல்.

கு.ஜா. எழுதியது:
துணுக்குன்னா பத்திரிகைத் துணுக்குதான் ஞாபகம் வரும் ஐயா.

பு.அ. எழுதியது:
சரி, குறுக்கிடு - குறுக்கீடு, முறையிடு - முறையீடு, அதே மாதிரி திடுக்கிடு - ‘திடுக்கீடு’. லூட்டன் பஸ்ஸுக்குப் ‘பொய்த் திடுக்கீடு’. இலக்கணமும் சரி, படிக்கறவனுக்கும் புரியும்.

தி.வே. எழுதியது:
திடுக்கீடு ஓகே. ‘பொய்’ மட்டும் வேண்டாங்க. அடுத்த ஷாட் பாருங்க, ஆடுங்க செத்துக் கிடக்கு, சிறுத்தையோட பாதத்தடம் வரவர ஹீல்ஸ் தடமா மாறுது. பயம் நிஜம், வந்த பஸ்தான் வேற. லூட்டனுக்கு ஸ்டுடியோ போட்ட கண்டிஷன், படம் ஒன்றரை லட்சம் டாலருக்குள்ள, 75 நிமிஷத்துக்குள்ள முடியணும், தலைப்பும் அவங்க குடுக்கறதுதான். மாடிப்படி செட்டே ஆர்சன் வெல்ஸ் படத்துக்குப் போட்ட பழசு. காசில்லாதவங்க மிருகத்தை நிழல்லயும் சத்தத்துலயும் வச்சாங்க, டைரக்டர் டூர்னரும் எடிட்டர் மார்க் ராப்சனும் ரெண்டு நடையை மாத்தி மாத்தி வெட்டி நம்மளைக் காக்க வச்சாங்க. பயமெல்லாம் அந்தக் காத்திருப்புலதான். திடுக்கீடு கடைசி அரை செகண்டுக்கு மட்டும் பேர் வைக்குது. லூட்டன் ஆளுங்களே இதைப் ‘பஸ்’னுதான் சொன்னாங்க, நாமும் ‘லூட்டன் பஸ்’னே விடலாமே.

பு.அ. எழுதியது:
அப்படி விட்டா தமிழ்ல எதுக்குத்தான் சொல் வரும்?

ம.செ. எழுதியது:
நாளைக்குக் காலைல ஃபைல் போகணும். ஜம்ப் ஸ்கேருக்குத் ‘திடுக்கீடு’ போட்டுட்டேன், பெரும்பாலானவங்க ஒத்துக்கறீங்க. மத்ததை ‘லூட்டன் பஸ்’னே விட்டுட்டேன், தி.வே. சொன்ன ஆட்டு ஷாட்டையும் சேர்த்துட்டேன். நன்றி.

இரா.ந. எழுதியது:
உருமச்சத்தை அடிக்குறிப்புலயாவது போடும்மா.

பு.அ. எழுதியது:
பொய்த் திடுக்கீட்டை நான் இன்னும் விடல.