கன்சோல்: முனையமா, ஆடுபொறியா, ஆட்டப்பெட்டியா?

குழுவினருக்கு வணக்கம்.

வீடியோ கேம் ஆடும் கருவியான கன்சோலுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று இந்த இழையில் பாதிப் பேர் எழுதுகிறீர்கள். மீதிப் பேர் சோனியின் பிளேஸ்டேஷனா மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸா என்று மல்லுக்கட்டுகிறீர்கள். சண்டை மடல்களை நிறுத்தச் சொல்லி மட்டுறுத்துநர் ஐயா எழுதியது நியாயம்தான். ஆனாலும் அந்தச் சண்டையை முழுக்க ஒதுக்கிவிட்டு இந்தச் சொல்லை முடிவு செய்ய முடியாது. எக்ஸ்பாக்ஸ் என்பது இன்றைக்கு ஒரு பொருளின் பெயரா, ஒரு கடையின் பெயரா? அங்கே நடக்கும் வாக்குவாதத்தின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். நமக்கு வேண்டிய சொல்லும் இதைப் பொறுத்தே அமையும்.

> கன்சோலுக்கு முனையம் என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே, புதிதாக எதற்கு?

கணினியில் கட்டளை தட்டும் கறுப்புத் திரைக்கு முனையம் என்று எழுதிப் பழகிவிட்டோம். பேருந்து முனையம், விமான முனையம் வேறு. "பையனுக்கு விளையாட்டு முனையம் வாங்கினேன்" என்று சொல்லிப் பாருங்கள், கிளாம்பாக்கம் பக்கம் மனை வாங்கியதாக நினைத்துக்கொள்வார்கள். இதை இத்தோடு விட்டுவிடலாம்.

> ஆடுபொறி. வினைத்தொகை, நான்கே எழுத்து, சொல்லவும் எளிது.

தம்பி, சொல் அழகு. ஆடுகளம், ஆடரங்கு என்று காது பழகிய அமைப்புதான். ஆடு பிடிக்க வைக்கும் பொறியா என்று கேலி வரும். வரட்டும், கேலிக்குப் பயந்தால் எந்தக் கலைச்சொல்லும் பிழைக்காது. என் தடை வேறு. காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரமும் ஆடுபொறிதான், ஆட்டத்துக்கென்றே ஒருவர் பார்த்துப் பார்த்துச் சேர்க்கும் கணினியும் ஆடுபொறிதான். இவற்றிலிருந்து கன்சோலைப் பிரித்துக் காட்டுவது எது?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மேக்னவாக்ஸ் ஒடிசிதான் வீட்டுக்கு வந்த முதல் கன்சோல். ரால்ஃப் பேரின் உழைப்பில் பிறந்தது. அதில் செயலி கிடையாது, யாருக்கு எத்தனை புள்ளி என்று காட்டத் தெரியாது. டென்னிஸ் மைதானம் வேண்டுமென்றால் வண்ணம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை டிவி திரையில் ஒட்டிக்கொள்ள வேண்டும்! 1977இல் வந்த அட்டாரி கன்சோலில் ஆட்டம் பதிந்த கேசட்டை மாற்றினால் ஆட்டம் மாறும். ஆனால் எந்தக் கேசட் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அட்டாரி நிறுவனத்தை விட்டு வெளியேறிய நிரலாளர்கள் 1979இல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அட்டாரிக்கே ஆட்டங்கள் செய்து விற்றார்கள். அவர்கள் செய்தது நல்ல சரக்கு. அப்புறம் வந்தவர்கள் ஆளாளுக்குக் குப்பையைக் கொட்டினார்கள். 1983இல் அமெரிக்கச் சந்தையே படுத்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் அங்கே நுழைந்தபோது பெட்டிக்குள் ஒரு சில்லு, கேசட்டுக்குள் அதன் ஜோடிச் சில்லு என்று வைத்தது. இரண்டும் பேசி ஒத்துப்போனால்தான் ஆட்டம் ஓடும். ஜோடிச் சில்லு வேண்டுமென்றால் நின்டெண்டோவிடம் உரிமம் வாங்க வேண்டும், வருடத்துக்கு இத்தனை ஆட்டம்தான் என்ற வரம்புக்கும் கட்டுப்பட வேண்டும். இன்றுவரை இந்தத் தொழில் நிற்பது அந்தப் பூட்டின் மேல்தான்.

அதே பெட்டியின் ஜப்பான் வடிவம் 1983இல் வந்த ஃபாமிகாம். அதில் இந்தப் பூட்டுச் சில்லு இல்லை. 90களில் நம் ஊர்க் கடைகளில் "டிவி கேம்" என்று விற்றவை பெரும்பாலும் அதன் நகல்கள். மஞ்சள் கேசட், மேலே "9999 இன் 1" என்று அச்சு. போட்டுப் பார்த்தால் சில ஆட்டங்களே பெயரை மாற்றி மாற்றிச் சுற்றி வரும். ஓடாவிட்டால் கழற்றி, வாயால் ஊதி, திரும்பச் செருகுவோம். பூட்டு இல்லாத கன்சோல் எப்படி இருக்கும் என்பதை நம் தலைமுறை அறிந்தது அப்படித்தான்.

பூட்டின் மதிப்பு தெரிய இன்னொன்று. சோனியின் பிளேஸ்டேஷன் 3இல் முதலில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ முடிந்தது. அமெரிக்க விமானப்படை ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பிளேஸ்டேஷன்களை இணைத்து ஒரு மீக்கணினியே (சூப்பர் கம்ப்யூட்டர்) கட்டியது. 2010 ஏப்ரலில் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பு அந்த வசதியைப் பிடுங்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவரின் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பொருளுக்கு, விற்றவர் தொலைவிலிருந்து பூட்டு மாற்றுகிறார். வன்பொருளைப் பார்த்தால் இன்றைய பிளேஸ்டேஷன் 5இலும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸிலும் இருப்பது கணினிகளில் இருக்கும் அதே வகை ஏஎம்டி செயலிதான். எனவே "பொறி" என்ற சொல் வேறுபாட்டைச் சொல்லாது.

> இன்னும் பத்து வருடத்தில் எல்லாம் கிளவுடில் ஓடும். இல்லாமல் போகப்போகும் பொருளுக்குச் சொல் எதற்கு?

ஐயா, இதையே நம்பித்தான் பெட்டியே இல்லாமல் இணையம் வழியே ஆடும் ஸ்டேடியா சேவையைக் கூகுள் 2019 நவம்பரில் தொடங்கியது, 2023 ஜனவரியில் மூடியது. படம் பார்க்கும்போது அடுத்த நிமிடத்துக்கானதை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். ஆட்டத்தில் அது நடக்காது, அடுத்த நொடி நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள் என்று ஆட்டத்தை ஓட்டும் வழங்கிக்கு (சர்வர்) தெரியாதே. நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) என்றால் ஒரு சட்டகத்துக்கு 17 மில்லிநொடிகூடக் கிடையாது. அதற்கு நடுவில் உங்கள் அழுத்தம் ஏதோ ஊரில் இருக்கும் வழங்கிக்குப் போய்த் திரும்ப வேண்டும். சதுரங்கத்துக்கு இந்தத் தாமதம் ஒன்றுமில்லை. குத்துச்சண்டை ஆட்டத்தில் எதிராளியின் குத்து விழுந்த பிறகுதான் உங்கள் கை எழும்பும்.

மாறிக்கொண்டிருப்பது வேறொன்று. பெட்டி விற்று மட்டும் லாபம் பார்த்ததே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021இல், எபிக் என்ற ஆட்ட நிறுவனம் ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் சாட்சி சொன்னார். வருமானம் ஆட்ட விற்பனையின் பங்கிலும் சந்தாவிலும் இருக்கிறது. அப்படியானால் கடையை ஏன் ஒரே பெட்டிக்குள் அடைத்து வைக்க வேண்டும்? 2024 இறுதியில் வந்த விளம்பரத்தில் டிவியையும் கைபேசியையும் மடிக்கணினியையும் காட்டி "இது ஒரு எக்ஸ்பாக்ஸ்" என்றார்கள். 2025இல் அவர்களுடைய கார்ப் பந்தய ஆட்டமான ஃபோர்சா ஹொரைசன் 5 பரம எதிரியான பிளேஸ்டேஷனுக்கே போனது. பழைய கன்சோல் சண்டையில் இதை யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், பெட்டிப் போரில் தோற்றவர் கடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான். பெட்டியே செத்துவிட்டது என்பதற்கு இது சான்றாகாது. நின்டெண்டோ ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. நின்டெண்டோவின் ஆட்டங்கள் வேண்டுமென்றால் நின்டெண்டோவின் பெட்டியைத்தான் வாங்க வேண்டும்.

ஆக, நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். கையால் தொடக்கூடிய பொருளுக்கு ஆட்டப்பெட்டி. கணக்கு, கடை, சந்தா, உரிமம் எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டுக்கு ஆட்டத்தளம். பிளேஸ்டேஷன் 5 ஓர் ஆட்டப்பெட்டி. எக்ஸ்பாக்ஸ் ஆட்டத்தளமாகிக்கொண்டிருக்கும் ஆட்டப்பெட்டி. ஸ்டேடியா வெறும் ஆட்டத்தளம். தமிழில் இதற்கு முன்னோடியும் இருக்கிறது. ஒளிபரப்புக்குத் தொலைக்காட்சி, கருவிக்குத் தொலைக்காட்சிப்பெட்டி என்று பிரித்தே எழுதினோம். குழாய் போய்த் தட்டைத் திரை சுவரில் ஏறிய பிறகும் அதைப் பெட்டி என்றுதான் சொல்கிறோம்.

> கையில் வைத்து ஆடுவதைப் பெட்டி என்று எப்படிச் சொல்வது?

தீப்பெட்டி சட்டைப்பையில் போகிறதே அம்மா. வேண்டுமென்றால் கையடக்க ஆட்டப்பெட்டி என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

அகரமுதலிக்கு என் வரைவு: ஆட்டப்பெட்டி என்பது ஆட்டம் ஆடுவதற்கென்றே செய்த கருவி, எந்த ஆட்டம் அதில் ஓடலாம் என்பதைச் செய்த நிறுவனமே தீர்மானிக்கும். இதில் ஒரு சிக்கல் இருப்பதும் தெரிகிறது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் பார்ப்பதற்கு அசல் கையடக்க ஆட்டப்பெட்டி. ஆனால் உள்ளே லினக்ஸ், மேசைத்தளத்துக்கு (டெஸ்க்டாப்) மாறி எதையும் நிறுவலாம், விண்டோஸ்கூடப் போடலாம். என் வரையறைப்படி அது வெளியே நிற்கும். சிலருக்கு இது பிடிக்காது. கையடக்க ஆட்டக்கணினி என்று அதைத் தனியாகப் பதிவு செய்யலாம் என்பது என் கட்சி.

கேசட்டுக்கு வேறு சொல் தேட வேண்டாம் என்றும் நினைத்திருந்தேன். இப்போது நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 அதைக் கெடுத்துவிட்டது. கேசட்டின் இடத்தில் வரும் அதன் அட்டையில், சில ஆட்டங்களுக்கு ஆட்டமே இருப்பதில்லை, சாவி மட்டும்தான். அட்டையைச் செருகி, ஆட்டத்தை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை ஆடும்போதும் அட்டை உள்ளே இருந்தாக வேண்டும். இதற்குச் சாவியட்டை என்று வைத்திருக்கிறேன். மேம்பட்டது கிடைத்தால் எழுதுங்கள்.

ஒரு கருவியின் ஆட்டத்தை வேறு கருவியில் ஓட்டும் எமுலேட்டருக்கான சொல்லை இந்த இழையில் இழுக்க வேண்டாம், தனி மடலாகத் தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
வரைவுக் குழுவிலிருந்து