டியூபை மாத்துனீங்க, முள்ளை எடுத்தீங்களா?

லடாக், ஸ்பிதி என்று ஆளாளுக்கு இமயமலை பைக் பயணம் பற்றி எழுதியிருப்பதைப் படித்த பிறகு என் கதையைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பனி கிடையாது, கணவாய் கிடையாது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து தனுஷ்கோடி வரை, ஏறக்குறைய 600 கிலோமீட்டர். நான்கு பேர், நான்கு வண்டி, எதிரே ஆடிக் காற்று.

முதல் நாளில் சொல்ல ஒன்றுமில்லை. புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம் தாண்டி, இருட்டுவதற்குள் வேளாங்கண்ணியில் அறை எடுத்துவிட்டோம். அன்றிரவு பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே ஒரு சட்டம் போட்டோம். கண்ணாடியில் பின்னால் வருகிறவன் தெரியவில்லை என்றால் உடனே ஓரங்கட்டி நிற்க வேண்டும். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

மறுநாள் மணமேல்குடிக்கு அப்புறம் சாலை காலியானது. காலியான சாலையைப் பார்த்தால் சில பேருக்குக் கை நிற்காது. முன்னால் போன இரண்டு பேரும் புள்ளியாகி மறைந்தார்கள். கோட்டைப்பட்டினம் தாண்டியதும் என் வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. பின் டயர் பஞ்சர். ஸ்போக் சக்கரம், டியூப் டயர். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் என்றால் ஓட்டையில் ரப்பர் குச்சியைச் செருகிவிட்டுக் கிளம்பலாம்; இதற்குச் சக்கரத்தையே கழற்ற வேண்டும்.

கடைசியாக வந்த, பேங்கில் வேலை பார்க்கும் நண்பனும் நானும் மெயின் ஸ்டாண்டு போட்டு வேலையில் இறங்கினோம். பையில் புது டியூப், டயரை நெம்பும் லிவர், கைப்பம்பு எல்லாம் இருந்தன. வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. ஒன்றரை மணி நேரம், விரலில் இரண்டு காயம், ஆனால் மாட்டிவிட்டோம். பெருமையில் செல்ஃபி வேறு.

20 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. எஸ்.பி. பட்டினத்தை நெருங்கும்போது மறுபடி அதே நெளிவு.

முன்னே போன இருவரும் அதற்குள் தொண்டியில் டீ குடித்துவிட்டு, எங்களைக் காணோம் என்று திரும்பி வந்திருந்தார்கள். வந்த வேகத்துக்கு இரண்டு பேரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனுடைய வண்டியின் பின்னால் ஏறி, கழற்றிய சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனேன். பேங்க் நண்பன் வண்டிக்குக் காவல். நிழலுக்கு ஒதுங்க அவனுக்குக் கிடைத்தது ஒரு சீமைக் கருவேல மரம்.

கடை என்றால் கீற்றுக் கொட்டகை, ஒரு கம்ப்ரசர், தண்ணீர் நிரப்பிய பழைய பெயிண்ட் டின். அறுபதைத் தாண்டிய ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். டியூபை உருவிக் காற்றடித்து, டின்னில் அமுக்கிச் சுற்றினார். ஓரிடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“டியூபை மாத்துனீங்க. முள்ளை எடுத்தீங்களா தம்பி?”

நான் பேசவில்லை.

பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, டயரின் உள்பக்கம் மெதுவாக ஒற்றிக்கொண்டே வந்தார். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில் பஞ்சின் இழை ஓரிடத்தில் சிக்கி நீண்டது. அங்கே குறட்டை வைத்து இழுத்து என் உள்ளங்கையில் போட்டார். அரிசியில் பாதிகூட இருக்காது. வெளியே ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் தங்கிய கருவேல முள். வெறும் கையை விட்டுத் தேடினால் கை கிழியும் என்றுதான் பஞ்சாம். “ராம்நாடு பக்கம் எங்களுக்குச் சோறு போடுறதே இந்த மரந்தான்” என்று சிரித்தார்.

150 ரூபாய் கேட்டார், வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது மிச்சப் பஞ்சைத் தாளில் மடித்து என் பையில் செருகினார். “இதுக்குக் காசு வேணாம்.”

திரும்பி வந்தபோது பேங்க் நண்பன் அதே மரத்தடியில் உட்கார்ந்து செருப்பிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

பாம்பன் சாலைப் பாலம் ஏறும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. பக்கவாட்டுக் காற்றுக்கு வண்டியைச் சாய்த்துப் பிடித்தபடிதான் ஓட்ட முடிந்தது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும் பக்கத்துப் பக்கத்தில். நின்று பார்க்க ஆசைதான், ஆனால் தனுஷ்கோடியை எட்ட வேண்டுமே. எட்டவில்லை. இனிமேல் உள்ளே விட முடியாது என்று சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முள் தின்ற மூன்று மணி நேரம்! ராமேஸ்வரத்தில் தங்கினோம். முன்னே பறந்த இருவர் தலையில்தான் இரவுச் சாப்பாட்டுச் செலவு.

விடிந்ததும் மறுபடி கிளம்பினோம். 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவரைத் தாண்டினால் ரோட்டின் மேலேயே மணல் ஓடுகிறது. அந்த இடத்தில் பிரேக்கைத் தொடாதீர்கள். சாலை முடியும் அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அலை அடித்து நொறுங்குகிறது, இன்னொரு பக்கம் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கிறது. ஆண் கடல், பெண் கடல் என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

மற்ற மூன்று பேரும் போனைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினார்கள். நான் குனிந்து பின் டயரை ஒருதரம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.