கில்பெக் பக்கம் போனவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஜூன் மாதம் அம்மாவுடன் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் உள்ள கில்பெக் கிராமத்துக்குப் போகிறேன். 1140 வாக்கில் கட்டிய அந்தச் சிறிய தேவாலயத்தின் செம்மணற்கல் வாசலையும், கூரையடியில் வரிசையாக எட்டிப் பார்க்கும் விசித்திரக் கல் முகங்களையும் நேரில் பார்ப்பது என் நெடுநாள் ஆசை. அதிலும் அங்கே செதுக்கிய அந்த நாயும் முயலும்! படத்திலேயே மனதை அள்ளுகின்றன. பக்கத்திலேயே நார்மன் கோட்டையின் இடிபாடு இருக்கிறது.

1147இல் சிஸ்டர்சியன் துறவிகள் நிறுவிய டோர் மடத்தின் ஆலயம், டெம்ப்ளர் வீரர்களின் (சிலுவைப் போர்க் காலத் துறவி வீரர்கள்) கார்வே தேவாலயம், டார்ஸ்டோன் அருகே ஆர்தர் கல் என்ற கற்காலக் கல்லறை ஆகியவற்றையும் பார்க்க எண்ணம்.

எங்களிடம் கார் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஹெர்ஃபோர்டிலிருந்து பஸ்ஸில் எங்கெல்லாம் போக முடியும்? ஒன்றை விட்டுவிட வேண்டுமென்றால் எதை விடலாம்? போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.