பாகங்களைத் தனித்தனியே வாங்கி முதல் கணினியைப் பூட்டியபோது எது எதோடு சேரவில்லை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை (மதுரை):

“விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது.” இந்த வரியை நள்ளிரவில் தட்டச்சிட்டுத் தேடாமல் முதல் கணினியைப் பூட்டி முடித்தவர் இங்கே யாராவது உண்டா?

என் கதை 2022 டிசம்பரில் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, கையில் 45,000 ரூபாய். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 பிராசசரை இணையத்தில் தள்ளுபடி விலைக்கு வாங்கினேன். மதர்போர்டை மட்டும் உள்ளூர்க் கடையில் எடுத்தேன். பி450 சிப்செட் வகை, பழைய இருப்பு, அடுத்த தலைமுறை பி550ஐ விட மூவாயிரம் ரூபாய் குறைவு. பிராசசருக்கும் போர்டுக்கும் சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இருக்கை, ஏ.எம்.4தான். கடைக்காரரிடம் கேட்டேன். “சேரும் தம்பி, ஏ.எம்.4 எல்லாம் ஒன்றுதானே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பிராசசரின் அடியிலுள்ள ஊசி போன்ற பின்கள் அத்தனையும் துளைகளில் அலுங்காமல் உட்கார்ந்தன.

அதற்குப் பிறகு மூன்று நாள் திரை இருட்டு. ராமை ஒவ்வொரு குழியாக மாற்றிச் சொருகினேன். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி ஊதி மாட்டினேன். மானிட்டர் கேபிளைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினேன். “புதுச் சாமான்தானே, ஏன் இத்தனை முறை கழற்றுகிறாய்?” என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான்காம் நாள்தான் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் பிராசசர் பட்டியல் என்ற பக்கத்தைத் திறந்தேன். என் பிராசசர் அதில் இருந்தது. அப்பாடா என்று மூட இருந்தவன், அதே வரிசையின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று ஓர் எண் இருந்தது. கணினியைத் தொடக்கி வைக்கப் போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்தான் பயாஸ். அந்தப் பதிப்பு வெளியான ஆண்டு 2022. என் போர்டின் பெட்டியிலோ ‘ரைசன் 3000க்குத் தயார்’ என்று ஒட்டியிருந்தது. அதாவது 2019ஆம் ஆண்டுக் காலத்துச் சரக்கு. 5600 சந்தைக்கு வந்ததே 2022 ஏப்ரலில். போர்டு பெட்டிக்குள் போனபோது என் பிராசசர் பிறக்கவே இல்லை. முன்பின் தெரியாத ஆள் வந்து நின்றால் அது எப்படிக் கதவைத் திறக்கும்?

பயாஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். ஆனால் புதுப்பிக்க வேண்டுமென்றால் கணினி ஓட வேண்டும், கணினி ஓட வேண்டுமென்றால் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றிக்கொள்ளப் பின்பக்கம் ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். மூவாயிரம் மிச்சம் பிடித்துத் தந்த என் போர்டில் அது கிடையாது. கடைசியில் பழுது பார்க்கும் கடை ஒன்றில், யாரோ விற்றுவிட்டுப் போன ரைசன் 3 2200ஜி ஒன்றை மாட்டிப் பயாஸை ஏற்றித் தந்தார்கள். கூலி 300 ரூபாய், வேலை பன்னிரண்டு நிமிடம்.

சரி, நீங்கள் எங்கே மாட்டினீர்கள்?

இருட்டுத்திரை (சென்னை):

பெயரைப் பார்த்தாலே என் அனுபவம் தெரிந்திருக்கும். மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்து இன்டெல் ஐ5-12400எஃப் பிராசசர் வாங்கினேன். எஃப் இல்லாத 12400ஐ விட விலை குறைவு. “கிராஃபிக்ஸ் கார்டைத் தீபாவளி போனசில் வாங்கிக்கொள்ளலாம், அதுவரை போர்டிலிருக்கும் எச்.டி.எம்.ஐ.யே போதும்” என்பது திட்டம். அந்த எஃப் என்ற எழுத்துக்குப் பொருளே ‘உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது’ என்பதுதான். போர்டின் முதுகில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். அதற்குப் படம் அனுப்ப வேண்டியது பிராசசர். அங்கே அனுப்ப ஆளில்லை.

நண்பனிடம் ஜிடி 710 கார்டைக் கடன் வாங்கி இரண்டு மாதம் ஓட்டினேன். வைகைக்கரை, உங்கள் 5600இலும் உள் கிராஃபிக்ஸ் இல்லை. உங்களை மீட்ட 2200ஜியில் இருக்கிறது. ஏ.எம்.டி. பக்கத்தில் ஜி என்ற எழுத்து வரம், இன்டெல் பக்கத்தில் எஃப் என்ற எழுத்து சாபம். எழுத்துக்கு இவ்வளவு கனம் உண்டென்று தமிழ் ஐயா சொன்னபோது நம்பியிருக்க வேண்டும்.

லேத்துக்காரர் மகள் (கோவை):

நான் கட்டடக்கலை படித்தவள். முப்பரிமாண வரைபடங்களை ஓட்ட மடிக்கணினி போதவில்லை. பிராசசர் இன்டெல் 12ஆம் தலைமுறை, போர்டு பி660. பிராசசரின் இணையப் பக்கத்தில் ‘டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டும் ஏற்கும்’ என்று இருந்தது. புதியதுதான் நல்லது என்று டி.டி.ஆர்.5 ராம் வாங்கினேன். பிராசசர் இரண்டையும் ஏற்கும், ஆனால் போர்டில் ஒரு வகைக் குழிதான் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு போர்டுகள் விற்கிறார்கள், பெயரின் வாலில் டி4 என்று இருந்தால் அது டி.டி.ஆர்.4 போர்டு. நான் வாங்கியதில் அந்த வால் இருந்தது. வால்தானே என்று விட்டுவிட்டேன்.

ராம் குழியில் இறங்கவில்லை. இரண்டு வகைக்கும் நீளமும் ஒன்றுதான், 288 பின் என்பதும் ஒன்றுதான், நடுவிலுள்ள வெட்டு மட்டும் சற்றுத் தள்ளி இருக்கும். இணையத்தில் எல்லோரும் “ராமை நன்றாக அழுத்த வேண்டும், சத்தம் கேட்கும்” என்று எழுதுகிறார்கள் அல்லவா? நானும் அழுத்தினேன். பின்னால் நின்ற அப்பா, “கண்ணு, கையை எடு” என்றார். நாற்பது வருடம் லேத் ஓட்டியவர். ராமை வாங்கி, வெட்டைக் குழியின் மேட்டுக்கு நேரே ஒரு முறை பிடித்துப் பார்த்தார். “இது இதுக்குச் செய்ததல்ல” என்று சொல்லி டப்பாவில் வைத்துவிட்டார். கடையில் உறை பிரித்ததற்காகப் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு மாற்றித் தந்தார்கள்.

அன்றிலிருந்து அப்பா வெர்னியர் காலிப்பரோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பிராசசரைக் குளிர்விக்க நான் பார்த்து வைத்திருந்த கூலரின் உயரம் 158 மி.மீ., கேபினட் என்ற கணினிப் பெட்டி இடம் தருவது 155. “மூணு மில்லிமீட்டர்தானே அப்பா” என்றேன். “எங்க பட்டறையில அது மூணு மைல்” என்றார். கண்ணாடிப் பக்கவாட்டை மூட முடியாது என்பதை வாங்கும் முன்பே சொல்லிவிட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

கிராஃபிக்ஸ் கார்டில் இன்னொரு கூத்து. கேபினட்டின் விவரத்தில் ‘310 மி.மீ. வரை’ என்று இருந்தது, கார்டு 294. சேர வேண்டும் அல்லவா? அந்த 310 முன்விசிறி இல்லாத கணக்கு. விசிறியின் தடிமன் 25, மீதி 285. அப்பா விசிறியைக் கழற்றிச் சட்டத்துக்கு வெளியே, முன்மூடிக்கு உட்பக்கம் வைத்துத் திருகினார். கார்டு உள்ளே போயிற்று.

அவசரக்காரன் (திருச்சி):

இதெல்லாம் எதற்கு? மொத்தச் சாமானையும் ஒரே கடையில் வாங்கினால் ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு அவர்களே பூட்டித் தருகிறார்கள். திரை எரிந்தால் பணம், எரியாவிட்டால் அது அவர்கள் தலைவலி. நான் அப்படித்தான் வாங்கினேன், மூன்று வருடமாக ஓடுகிறது.

பற்றாசு (திருநெல்வேலி):

தம்பி, நான் அந்தக் கடைப் பக்கத்து ஆள். இருபது வருடமாகப் பழுது பார்க்கிறேன். நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் கடையில் ‘எரிகிறது’ என்று காட்டுவது பயாஸ் திரையை. சுமை ஏறும்போது என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் காட்டுவதில்லை. என் மேசைக்கு வருவது அதற்குப் பிறகுதான்.

கேபினட்டோடு இலவசமாக வந்த, கணினிக்கு மின்சாரம் தரும் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று போன மாதம் வந்தது. ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு போட்டிருக்கிறான் பையன், விளையாட்டு தொடங்கிய ஐந்தாம் நிமிடம் கணினி அணைந்துவிடுகிறது. பெட்டியின் மேல் 450 என்று கொட்டை எழுத்து. பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள் என்று காட்டினேன். அதன் கீழே 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். அந்தக் கார்டுக்கு மட்டும் 170 வாட். மீதி 22 வாட்டில் பிராசசர் என்ன செய்யும், பாவம். அந்தக் கார்டுக்கு 550 வாட் சப்ளை வேண்டும் என்று தயாரித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அதுவும் லேபிளில் உண்மை எழுதிய 550.

அணைந்துபோவது கூடப் பரவாயில்லை. இன்னொருவர் நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கினார், கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் வகை. பழையதும் மாடுலர்தான். கேபினட்டுக்குள் பழைய கேபிள்களை அழகாக மடித்துக் கட்டி வைத்திருந்தாராம், அவிழ்க்க மனம் வரவில்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் மாற்றிப் பழைய கேபிளையே சொருகினார். சொருகியது, கச்சிதமாக. ஹார்டு டிஸ்க் பக்கத்து முனைக்குத் தரம் உண்டு, எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றே. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையை அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிற்று. இரண்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் போய்விட்டன. ஒன்றில் அவர் கல்யாணப் படங்கள். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எம்.பி.எஸ். கேபிள்களில் எட்டுப் பின்கள் உள்ள முனை இரண்டு வகை உண்டு. நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராஃபிக்ஸ் கார்டுக்கு. தவறான குழியில் சாதாரணமாகப் போகாது. ‘சாதாரணமாக’ என்று ஏன் எழுதினேன் என்றால், முழுப் பலத்தோடு அழுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

லேத்துக்காரர் மகள் (கோவை):

ஐயா, இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்):

நீங்கள் எல்லோரும் கடைக்குத் திரும்பிப் போய் மாற்றினோம் என்று எழுதுகிறீர்கள். நான் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பொருள் வாங்கி இரவு பஸ்ஸில் கொண்டுவந்தவன். சேரவில்லை என்றால் திரும்ப 400 கிலோமீட்டர். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய நாட்கள் வேறு. ஆகவே பழையதில் பயன்படுவதை எல்லாம் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தேன்.

அதில்தான் மாட்டினேன். பழைய மடிக்கணினியில் கழற்றிய எம்.2 எஸ்.எஸ்.டி. சேமிப்புத் தட்டு ஒன்று இருந்தது. புதிய போர்டிலும் எம்.2 குழி. அளவும் ஒன்றுதான், 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். வைத்துத் திருகினேன். பயாஸில் தெரியவில்லை. எம்.2 என்பது குழியின் வடிவத்துக்கு மட்டும் பெயராம். அதற்குள் சாட்டா பேசுகிற தட்டும் உண்டு, என்.வி.எம்.இ. பேசுகிற தட்டும் உண்டு. என்னுடையது சாட்டா, குழிக்கோ என்.வி.எம்.இ. மட்டும்தான் விளங்கும். பக்கத்தில் நின்றும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத நிலை. அது எங்கள் நாட்டுக்குப் புதிதில்லை.

பிறகு புதிய என்.வி.எம்.இ. வாங்கி இரண்டாவது குழியில் போட்டபோது ஹார்டு டிஸ்க் காணாமல் போயிற்று! கையேட்டில் சிறிய எழுத்தில் இருந்தது: இரண்டாவது எம்.2 குழி நிறைந்தால் 5ஆம், 6ஆம் சாட்டா முனைகள் இயங்கா. கேபிளை 1ஆம் முனைக்கு மாற்றினேன், சரி. இந்த முறை பஸ் ஏறாமல் தப்பினேன். போர்டின் கையேட்டைத் தளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி வாசிக்கலாம், காசு இல்லை. நான் இப்போது பொருள் வாங்கும் முன் அதைத்தான் முதலில் வாசிக்கிறேன்.

நான்காம் மாடி (சிங்கப்பூர்):

எல்லாம் சேர்ந்தும் சேரவில்லை என்று நம்பியவன் நான். 2023இல் ஏ.எம்.5 போர்டு, டி.டி.ஆர்.5 ராம், மூன்று முறை சரிபார்த்த பட்டியல். முதல் முறை இயக்கினால் இருட்டு. இரண்டு நிமிடம் பார்ப்பேன், அணைப்பேன், ராமை இடம் மாற்றுவேன், மறுபடி இயக்குவேன். இப்படி நான்கு முறை. ஐந்தாம் முறை வெறுத்துப்போய், ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக் கடையில் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பயாஸ் திரை எனக்காகக் காத்திருக்கிறது.

இந்தப் போர்டுகள் முதல் முறை ராமோடு பழகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். நான் ராமைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது.

இருட்டுத்திரை (சென்னை):

காப்பியால் சரியான கணினி! இதையும் கையேட்டில் சேர்க்கலாம்.

என் பங்குக்கு இன்னொன்று. 3200 வேக ராமை வாங்கி ஒரு வருடம் 2133இல் ஓட்டியிருக்கிறேன். ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. என்ற வரியைப் பயாஸில் நாமே இயக்க வேண்டுமாம். போதாததற்கு இரண்டு ராமையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் போட்டிருந்தேன். நான்கு குழியில் இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

வைகைக்கரை (மதுரை):

அவசரக்காரன் சொன்னதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். ஒரே கடை என்றால் பேசலாம். நான் பிராசசரை ஓரிடத்திலும் போர்டை ஓரிடத்திலும் வாங்கியவன். இருவரும் தங்கள் பொருள் நல்ல பொருள் என்றார்கள், இருவர் சொன்னதும் உண்மை.

பற்றாசு ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய் என் எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் பார்த்தேன். +12 வோல்ட்டில் 45 ஆம்பியர். இன்று தூங்கலாம்.

ஒரு செய்தி. அந்த 2200ஜியைப் போன மாதம் அதே கடையில் விலைக்கே வாங்கிவிட்டேன். மதுரைப் பக்கம் யாராவது ஏ.எம்.4 போர்டோடு இருட்டில் உட்கார்ந்திருந்தால் இங்கே எழுதுங்கள், ஒரு நாள் கடனாகத் தருகிறேன். கூலி வேண்டாம். திருப்பித் தரும்போது, கூலருக்கு அடியில் பிராசசர் மேல் தடவும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துத் தாருங்கள், போன முறை வாங்கியவர் அப்படியே உறையில் போட்டுத் தந்துவிட்டார்.