ட்ரோலிங் தூண்டில் கம்பியில அடையாளம் கட்டி ஆழம் பாத்தவங்க இருக்கியளா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கூடுதாழை தம்பி:
ட்ரோலிங்னதும் இழுவைமடி வலைன்னு நினைச்சு சண்டைக்கு வந்துராதிய. வள்ளம் ஓட ஓடப் பின்னால தூண்டில் இழுக்குற சமாச்சாரம்தான். கப்பல்ல போற எங்க மச்சான் அமெரிக்காவுல இருந்து 300 அடி மோனல் கம்பி ஒரு சுருள் கொண்டாந்தாரு. அங்க லாங் ஐலண்ட் கிழக்கு முனையில, மொன்டாக் பக்கம், உடம்புல வரி ஓடுன பாஸ் மீனை இதுல பிடிக்காவ. ஈயமே வேண்டாம், கம்பி கனத்துக்கே தூண்டில் இறங்கிரும். மூணு நாட் வேகத்துல பத்தடி விட்டா ஏறக்குறைய ஓரடி இறக்கம். 300 அடிக்கு 30 அடி, அதாவது அஞ்சு பாகம்.

100 அடியில வெள்ளை நூல், 200-ல மஞ்சள், 300-ல சிவப்பு. முடிச்சு நழுவாம இருக்கத் தங்கச்சி நகப்பாலீஷை எடுத்துப் பூசுனேன் (அதுக்கு வாங்குன ஏச்சு தனிக்கதை). பார் (கடலுக்கடிப் பாறை) தலை ஏழு பாகம்னு மாமாவுக்குத் தெரியும். ரெண்டு பாகம் மேலதான போவுதுன்னு தைரியமா சிவப்பு வரைக்கும் விட்டேன்.

கம்பி இழுபடாதுல்லா, தூண்டில் ஆடுற ஆட்டம் அப்படியே கைக்கு வரும். ‘நொய்ய்ய்’னு ஒரு துடிப்பு. அது சட்டுனு நின்னுச்சு பாருங்க, அந்த அரை நொடிதான் இன்னும் மனசுல நிக்கி. மீனும் கடிக்கல, ஒண்ணும் இல்ல, கை செத்தது மாதிரி. அப்புறம் கம்பு வளைஞ்சுது, மாமா எஞ்சினை அணைக்கதுக்குள்ள டிங்குனு அறுந்துட்டு. சுருட்டிப் பாத்தா மஞ்சள் நூல் கட்டுன எடத்துல போயிருக்கு. 200 அடி கம்பியும் தூண்டிலும் பாருக்கு மொய் எழுதியாச்சு.

ஜிபிஎஸ்-ல மூணு நாட்தான் காட்டுச்சு. அஞ்சு பாகத்துல போன தூண்டில் ஏழு பாகத்துக்கு எப்படி இறங்குச்சு? யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

பழைய தண்டல், உவரி:
தம்பி, கம்பின்னா தூண்டில் முள்ளுக்கு மேல அரைப் பாகம். சீலா பல்லுக்குத் தங்கூசி (நைலான் நரம்பு) நிக்காது, அதுக்குத்தான் கம்பி. முழுக்கக் கம்பி விட்டவனை இப்பதான் கேள்விப்படுதேன்.

எங்க காலத்துல ஈயக்குண்டு அடியில சவுக்காரத்தை அப்பி இறக்குவோம். மணல் ஒட்டி வந்தா மணல். ஒண்ணும் ஒட்டாம நசுங்கி வந்தா பார். ஒருநாள் விடியக்காலம் இறக்குனேன், சவுக்காரத்துல ஒரு பச்சை வலைத்துண்டு ஒட்டி வந்துச்சு. எங்க வலை. போன வருசம் காணாமப் போனது. அப்பா அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

பாளையங்கோட்டை வாசகன்:
குறுக்க வாரேன், மன்னிக்கணும். சீலாங்கிறது அந்த நீளமா, கூர்மூஞ்சியா இருக்கிற மீன்தானே? சென்னையில அப்படித்தான் விக்கிறாங்க.

பழைய தண்டல், உவரி:
அது ஊளி. சென்னையில என்னமும் சொல்லிக்கிடட்டும். நீங்க வஞ்சிரம்னு காசைக் கொட்டி வாங்குதியளே, அதுதான் எங்களுக்குச் சீலா.

இடிந்தகரை பீட்டர் பேரன்:
எனக்குக் கம்பி இல்ல, தங்கூசிதான். ஆனா அடையாளம் கட்டி ஏமாந்த கதை இருக்கு. அப்பா கட்டி வச்ச கயித்துல அஞ்சு பாகத்துக்கு ஒரு முடிச்சு. அப்பா தவறுன பிறகு அது இத்துப்போச்சு, நான் புதுசா கையை விரிச்சு அளந்து கட்டுனேன். அப்பா சொல்லிக்குடுத்த அதே எடம், அணு உலை கூண்டு ரெண்டும் கரையில அதே கணக்குல தெரியுது, அதே முப்பது பாகம் விடுதேன். மூணு தடவை போயும் மூணு தடவையும் பாருல மாட்டுது. நீவாடை, அதான் நீரோட்டத்தை, திட்டுனேன், பாரு வளந்துட்டான்னுகூட யோசிச்சேன்.

அப்புறம் அம்மாதான் ஒருநாள் அப்பா சட்டையை மடிக்கும்போது சிரிச்சா. அப்பா அஞ்சடி மூணு அங்குலம். நான் அஞ்சடி பதினொண்ணு. ஒவ்வொரு பாகத்துக்கும் எட்டு அங்குலம் கூட விட்டிருக்கேன். முப்பது பாகத்துக்கு 20 அடி! புத்தகத்துல பாகம்னா ஆறடின்னு போட்டிருக்கும். எங்க வீட்டுல அது அப்பா கை.

கப்பல்காரன்:
என் அனுபவம் ரெண்டு வரி. ஹாலிஃபேக்ஸ் துறைமுகத்துல லீவு நாள்ல ஒருத்தர் படகுல கம்பி போட்டோம், ஒண்ணும் கிடைக்கல, விரல் அறுந்ததுதான் மிச்சம். இப்ப தம்பிக்கு நாலு விஷயம் சொல்லணும்.

ஜிபிஎஸ் காட்டுனது தரைக்கு மேல போற வேகம். தூண்டிலுக்குத் தரை தெரியாது, தண்ணிதான் தெரியும். நீவாடு பின்னால இருந்து ஒரு நாட் தள்ளியிருந்தா தண்ணிக்குள்ள உங்க வேகம் ரெண்டுதான். வேகம் குறைஞ்சா கம்பி தொங்கும், ஆழம் கூடும். எதிர் நீவாட்டுல அதே சிவப்பு நூல் மேல ஏறிரும். நூல் காட்டுறது நீங்க விட்ட நீளத்தை மட்டும். திரும்பும்போதும் கவனம்: உள்பக்கத்துத் தூண்டிலுக்கு வேகம் குறையும், அது அப்படியே இறங்கும். பாருக்கு மேல வள்ளத்தைத் திருப்பவே கூடாது.

ரெண்டாவது, அறுந்த எடம். மஞ்சள் நூலை முடிச்சுப் போடக் கம்பியை மடிச்சீங்களா? மடிச்சிருப்பீங்க. ஒரு தடவை மடிஞ்ச கம்பி அங்கதான் போகும். கம்பியை விறைப்பா நேரா பிடிச்சு, நூலை மேல சுத்தணும். பழைய டெலிபோன் வயர் மேல்தோலை உருவிச் சுத்துறவங்களும் உண்டு, கம்பு வளையத்துல மாட்டாம வழுக்கிப் போகும். மோனல் நிக்கலும் செம்பும் கலந்தது, மிருதுவானது, கைக்கு அடங்கும். ஸ்டெயின்லெஸ் பலம் கூட, ஆனா ஸ்பிரிங் மாதிரி துள்ளிச் சிக்கிக்கும். விடும்போது சுருள்மேல கட்டைவிரல் வச்சே விடுங்க, விரலுக்குச் சைக்கிள் டியூப் ஒரு துண்டு.

மூணாவது, யாரு அட்டவணையையும் நம்பாதீங்க. ஆழம் தெரிஞ்ச மணல் தரையில போயி, தூண்டில் மணலைத் தொட்டு ‘டக் டக்’னு தட்டுற வரைக்கும் கம்பி விட்டு, எந்த நூல் கையில இருக்கு, எஞ்சின் எவ்வளவு ஓடுதுன்னு எழுதி வையுங்க. ரெண்டு திசையிலயும்.

பிறகு நிறம். ராத்திரியில மங்குன வெளிச்சத்துல சிவப்பும் கறுப்பும் ஒண்ணு. பழைய பாய்மரக் கப்பல் ஈயக்கயித்துல 5 பாகத்துல வெள்ளைத் துணி, 7-ல சிவப்புத் துணி, 10-ல ஓட்டை போட்ட தோல், 13-ல நீலத்துணி வச்சது அழகுக்கு இல்ல. ஒவ்வொண்ணும் வேற வேற துணி, இருட்டுல தடவிப் பாத்தே சொல்லிரலாம்.

கூடுதாழை தம்பி:
ரெண்டு வரின்னு சொல்லிட்டு பாடமே நடத்திட்டீங்களே அண்ணாச்சி. ஆனா மடிச்சது நெசம். பல்லால கடிச்சு மடிச்சேன், நல்லா இறுகட்டும்னு. மாமாகிட்ட நீவாடு சங்கதியைச் சொன்னேன். “நான் அன்னைக்கே சொன்னேம்லா, தண்ணி கூடவே வருதுன்னு”ன்னாரு. சொன்னாருதான். நான் ஜிபிஎஸ்-ஐப் பாத்துக்கிட்டிருந்தேன்.

மணப்பாடு மச்சினன்:
கப்பல்காரர் சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்கமாட்டேன். தடவிப் பாக்கதெல்லாம் நனைஞ்ச, மரத்துப்போன கைக்கு நடக்காது. நான் அப்படித்தான் ஒரு ராத்திரி, முடிச்சு ரெண்டா மூணான்னு தெரியாம நாக்கால தொட்டுப் பாத்தேன். அதே நேரம் மீன் இழுத்துச்சு. கம்பி இல்ல, தங்கூசிதான், பொழச்சேன். இன்னும் உதட்டோரம் கோடு இருக்கு. கட்டுனவ கேட்டப்ப சின்ன வயசுல விழுந்ததுன்னு சொல்லிருக்கேன், யாரும் போட்டுக் குடுத்துராதிய.

பழைய தண்டல், உவரி:
கூடுதாழை தம்பி, மிச்சம் நூறடி கம்பி இருக்கும்லா. அதைச் சும்மா வச்சிருக்காத. அரை அரைப் பாகமா நறுக்கி அனுப்பு, சீலாவுக்கு ஆகுதான்னு முள்ளுல கட்டிப் பாப்போம். கையை விரிச்சு அளக்காத, டேப் வச்சு அள.