அப்டேட்: டிவி திரும்ப வந்துடுச்சு!!

டிவில சத்தம் மட்டும் வருது, படம் வரலன்னு முன்னாடி இங்க புலம்பியிருந்தேன்ல, சரியாயிடுச்சு மக்களே! ரூம் லைட்ட அணைச்சுட்டு ஸ்கிரீன் மேல டார்ச் அடிச்சு பாக்க சொன்னீங்க, பாத்தா உள்ள மங்கலா படம் ஓடிட்டு இருக்கு, அப்ப படம் காட்டுற பேனல் நல்லாதான் இருக்கு, பின்னாடி இருந்து வெளிச்சம் குடுக்குற பேக்லைட்தான் போயிடுச்சுன்னு புரிஞ்சுது. எல்சிடி பேனலுக்கு சொந்தமா வெளிச்சம் கிடையாது, பின்னாடி எல்இடி பல்பெல்லாம் சீரியல் செட் மாதிரி ஒரே லைன்ல இருக்கறதால ஒண்ணு போனாலே மொத்தமா இருட்டாயிடுமாம். மெக்கானிக் அந்த எல்இடி பல்பு பட்டை (ஸ்ட்ரிப்) எல்லாத்தையும் சேர்த்தே மாத்திட்டார், அதுதான் சரி, மத்ததுக்கும் அதே வயசுதானே.

படம் வந்ததும் வீட்ல ஒரே விசில்! அம்மா விட்ட சீரியலோட கதைய யார்யாருக்கோ போன் போட்டு கேட்டுட்டு இருக்காங்க, தாத்தா விளம்பரத்தக்கூட மாத்த விடமாட்டேங்கறார், குட்டிப் பாப்பா டிவிக்கு முத்தம் குடுத்து ஸ்கிரீன் பூரா எச்சில். அவ்ளோ சந்தோஷம்!

இன்னொண்ணு, பேக்லைட்ட ஃபுல்லா வைக்காதீங்க, கொஞ்சம் குறைச்சா சூடு கம்மியாகி எல்இடி நாள்பட உழைக்கும். டார்ச் ஐடியா குடுத்தவங்களுக்கு எங்க மொத்த குடும்பத்தோட நன்றி!